எட்டா, ஒன்பதா? சிறுவர்களுக்குக் கோள்களையும் குறுங்கோள்களையும் கற்பிக்கும் முறை

சூரியக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் எட்டு என்று விடை வரும். அதே வீட்டில் அப்பாவிடம் கேட்டால், அவர் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீங்கிய 2006-க்கு முன் பள்ளியில் படித்தவராக இருந்தால், ஒன்பது என்பார். பாட்டியும் ஒன்பது என்பார். ஆனால் அவர் எண்ணுவது கோயிலில் வலம்வரும் நவக்கிரகங்களை. அந்த ஒன்பதில் புளூட்டோவும் இல்லை, நாம் நிற்கும் பூமியும் இல்லை. மூவரில் எவரையும் அறியாதவர் என்று தள்ளிவிட முடியாது. 'கோள்' என்ற ஒரே சொல்லை மூவரும் மூன்று பொருளில் ஆள்கிறார்கள்.

இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரும் பெற்றோரும் நூலகத் தன்னார்வலரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. வழக்கமான பாடத்தில் எட்டுப் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் செய்துவிட்டு, 'புளூட்டோ நீக்கப்பட்டுவிட்டது' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்கும் பிள்ளைகளில் சிலர் புளூட்டோ வெடித்துப்போனதாக எண்ணிக்கொள்கிறார்கள். சிலர் அது ஏதோ தவறு செய்து தண்டனை பெற்றதாகவே நம்பி வருந்துகிறார்கள். எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் ஒரு சிறுமி, 'இனி அது எங்கே போகும்?' என்று கேட்டாள். வானத்தில் எதுவும் மாறவில்லை என்பதையும், பொருள்களை வகைப்படுத்தும் முறையே மாறியது என்பதையும் நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பின் பாடத்தின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, ஐந்தாறு அமர்வுகளில் நடத்தத்தக்க அந்த வரிசையை இங்கே தருகிறேன்.

கிழமைகளிலிருந்து தொடங்குதல்

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நற்பேறு உண்டு: கோள்களின் பெயர்களை அது புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று கிழமைகளைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து கோள்களும் சூரியனும் நிலாவும் ஏற்கெனவே தெரியும். கிழமைகளைப் பலகையில் எழுதச் செய்து, 'இந்த ஏழையும் நம் முன்னோர் ஏன் ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள்?' என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிட வேண்டாம். ஒரு நாள் முழுவதும் யோசிக்க விடலாம்.

விடை எளியது. வானத்தில் உள்ள புள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் ஒரே கோலத்தில் நகர்கின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றுள் இந்த ஏழு மட்டும் அந்தக் கோலத்தின் ஊடே இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சங்க காலத்திலேயே நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இரண்டைப் பிரித்துச் சொல்லும் வழக்கு இருந்தது. கண்ணால் மட்டும் பார்த்து வகுத்த அந்தப் பிரிவில் சூரியனும் நிலாவும் கோள்களாவது முற்றிலும் பொருத்தமே. காலடியில் கிடக்கும் பூமி அதில் சேர வழியே இல்லை. இராகுவும் கேதுவும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களே அல்ல. வானத்தில் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள் அவை, அவற்றின் அருகில் இரண்டும் வந்து சேரும்போதுதான் கிரகணம் நிகழ்கிறது. இப்படி விளக்கினால் பாட்டியின் ஒன்பதைப் பழிக்காமலேயே அது எதை எண்ணுகிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டிவிடலாம்.

நாட்காட்டியில் அச்சிடப்படும் பெயர்ச்சிகளையும் கணக்குப் பாடமாகப் பயன்படுத்தலாம். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, இராசிகள் பன்னிரண்டு, ஆகவே வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர எத்தனை ஆண்டு ஆகும்? சனிப்பெயர்ச்சி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. சனிக்கு எத்தனை ஆண்டு? பிள்ளைகள் போடும் பெருக்கலில் 12 என்றும் 30 என்றும் விடை வரும். வியாழன் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 11.9 ஆண்டு, சனிக்கு 29.5 ஆண்டு. சோதிடம் பலிக்குமா என்ற வாதத்தை இந்த வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து; நமக்கு வேண்டியது அதிலுள்ள கால அளவு மட்டுமே.

வானத்தைப் பார்த்த பிறகே புத்தகம்

படத்தைப் பார்த்துக் கோளைக் கற்ற பிள்ளை, வானத்தில் அதைப் பார்க்கும்போது அடையாளம் காண்பதில்லை. ஆகவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நான்கு வாரமாவது வானத்தைப் பார்க்கச் செய்யுங்கள். தொலைநோக்கி தேவையில்லை. அந்த மாதத்தில் எந்தக் கோள் மாலையில் தெரிகிறது என்பதைக் கைப்பேசியில் உள்ள வான வரைபடச் செயலி ஒன்றில் முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியோ வியாழனோ தெரியும் மாதமாக இருந்தால் நல்லது. இரண்டும் தவறவிட முடியாத அளவுக்கு ஒளிமிக்கவை. நாம் விடிவெள்ளி என்று அழைப்பது விண்மீன் அன்று, வெள்ளிக் கோளே என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். நடு இரவில் அதை ஏன் ஒருபோதும் பார்க்க முடியாது என்று கேட்டால், சூரியனுக்கும் நமக்கும் இடையே உள்ள பாதையில் அது சுற்றுவதால் சூரியனைவிட்டு வெகுதூரம் விலகிச் செல்ல முடியாது என்ற விடையை மூத்த பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பதும் உண்டு.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, கோளையும் அதன் அருகில் உள்ள நான்கைந்து விண்மீன்களையும் குறிப்பேட்டில் புள்ளிகளாக வரையச் சொல்லுங்கள். நான்காவது வாரத்தின் முடிவில், முதலில் வரைந்த படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். இதற்கு வெள்ளியும் செவ்வாயும் மிகப் பொருத்தம்; சனி மிக மெல்ல நகர்வதால் சிறுவர்களின் பொறுமையைச் சோதிக்கும். தம் கையால் வரைந்த படத்தில் அந்த நகர்வைப் பார்த்த பிள்ளைக்குக் 'கோள்' என்ற சொல்லின் பழைய பொருளை மேலும் விளக்க வேண்டியதில்லை. சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் நேரடியாகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கால்பந்தும் கடுகும்

சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படங்கள் இரண்டு தவறான எண்ணங்களை ஆழமாக விதைத்துவிடுகின்றன. கோள்களின் பருமனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது ஒன்று. அவை நெருக்கமாக வரிசையில் நிற்கின்றன என்பது மற்றொன்று. இவற்றைக் களைய ஒரு மாலைப்பொழுதும் ஒரு நீண்ட சாலையும் போதும்.

சூரியனாக ஒரு கால்பந்தை வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 22 செ.மீ. அந்த அளவில் பூமி 2 மி.மீ. இருக்கும், சமையலறைக் கடுகில் பருத்த ஒன்று சரியாகப் பொருந்தும். வெள்ளிக்கும் ஒரு கடுகு. செவ்வாய் 1 மி.மீ., புதன் அதைவிடச் சற்றுச் சிறியது; இரண்டுக்கும் கசகசா போதும். வியாழன் 22 மி.மீ., ஓர் அரைநெல்லிக்காய். சனி 18 மி.மீ., ஒரு கோலிக்குண்டு. யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் 8 மி.மீ. அளவுள்ள கொண்டைக்கடலை இரண்டு. புளூட்டோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ரவையில் பொடியான ஒரு துகளை எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையேல் கையிலிருந்து பறந்துவிடும். சீரீஸ் என்ற குறுங்கோளுக்கு (புளூட்டோ இப்போது சேரும் வகை இது; விளக்கம் பின்னால் வரும்) மாவுத் துகள்தான் சரிப்படும். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதி, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள்.

பந்தைப் பள்ளி வாயிலில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். புதன் 9 மீட்டரில் நிற்கும், வெள்ளி 17 மீட்டரில், பூமி 23.5 மீட்டரில், செவ்வாய் 36 மீட்டரில். இதுவரை எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சீரீஸ் 65 மீட்டரில் நின்றபின் கூட்டம் கலையத் தொடங்கும்: வியாழன் 122 மீட்டர், சனி 224 மீட்டர், யுரேனஸ் 450 மீட்டர், நெப்டியூன் 706 மீட்டர். ரவைத்துகளைத் தாங்கிய பிள்ளை புளூட்டோவின் சராசரித் தொலைவான 930 மீட்டர் வரை நடக்க வேண்டும். சாலை அவ்வளவு நீளம் இல்லையென்றால் சனியோடு நிறுத்திக்கொண்டு, மற்றவை எந்தத் தெருமுனையில், எந்தக் கடை வாசலில் நிற்கும் என்பதை ஊர் வரைபடத்தில் குறிக்கலாம். பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்தப் பந்து சென்னையில் இருக்குமானால், சூரியனுக்கு அடுத்த விண்மீனை ஏறத்தாழ டோக்கியோவில் வைக்க வேண்டியிருக்கும்.

இந்த நடையின்போது விளக்கம் எதுவும் வேண்டாம். கடுகைக் கையில் வைத்துக்கொண்டு 23 மீட்டருக்கு அப்பால் உள்ள பந்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையின் மௌனத்தைக் கலைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

பனை மரமா, புல்லா?

அடுத்து வகைப்படுத்துதல். இதை வானத்தில் தொடங்குவதைவிட நிலத்தில் தொடங்குவது எளிது. 'பனை மரமா, புல்லா?' என்று கேளுங்கள்; மரம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். தொல்காப்பியம் புறத்தே வைரம் (கெட்டியான கட்டை) உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அந்த விதியின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகையைச் சேரும். இன்றைய தாவரவியலும் பனையை வேம்பும் மாவும் சேரும் கூட்டத்தில் வைப்பதில்லை; புல்லையும் நெல்லையும் போல ஒருவித்திலைத் தாவரம் என்றே வகுக்கிறது. ஆனாலும் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக விளங்குகிறது, நாமும் பனைமரம் என்றே சொல்கிறோம். எந்தப் பெயரால் அழைத்தாலும் அதன் உயரமும் குறையாது, நுங்கின் சுவையும் மாறாது.

இதைச் சொன்னபின் ஒரு தட்டில் பலவகைப் பொருள்களைக் கொட்டுங்கள்: புளியங்கொட்டை, பொத்தான், கூழாங்கல், கோலிக்குண்டு, சோழி, மிளகு. மூன்று குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி வகைப்படுத்தட்டும். ஒரு குழு நிறத்தால் பிரிக்கும், ஒரு குழு உருண்டையா என்று பார்க்கும், ஒரு குழு உயிருள்ளவற்றிலிருந்து வந்ததா என்று பார்க்கும். எந்தக் குழுவின் பிரிவையும் தவறென்று சொல்லிவிட முடியாது என்பதைப் பேசிய பிறகு, 'நீங்கள் பிரித்த முறை எதற்குப் பயன்படும்?' என்ற கேள்வியை வையுங்கள். குறுங்கோள் என்ற வகை ஏன் வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் விளங்கிக்கொள்ள இந்தக் கேள்வியே உதவும்.

நகரும் புள்ளியைக் கண்டுபிடித்தல்

இந்த அமர்வைத்தான் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். ஆகவே இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் நாற்பது புள்ளிகளைச் சிதறலாக வையுங்கள். அதன்மேல் இன்னொரு தாளை வைத்துச் சன்னல் கண்ணாடியில் பிடித்து அதே புள்ளிகளைப் படியெடுங்கள். ஒரே ஒரு புள்ளியை மட்டும் அரை சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல்விளிம்பில் ஒட்டி, மேல்தாளை விரைவாகத் தூக்கித் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் புள்ளிகளும் அசையாதிருக்க, ஒன்று மட்டும் துள்ளும். அதைக் கண்டுபிடித்த பிள்ளையிடம், 1930-ஆம் ஆண்டில் கிளைடு டோம்போ செய்த வேலையைத்தான் இப்போது நீயும் செய்தாய் என்று சொல்லுங்கள்.

கதையை அங்கிருந்து விரிக்கலாம். டோம்போ அமெரிக்காவின் கான்சாசில் வேளாண் குடும்பத்தில் வளர்ந்தவர். தாமே தொலைநோக்கி செய்து கோள்களை வரைந்தவர். அரிசோனாவிலுள்ள லோவல் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் எடுத்த ஒளிப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து வந்தார். சனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த தகடுகளில் ஒரு புள்ளி துள்ளியதை 1930 பிப்ரவரி 18 அன்று கண்டார். அப்போது அவருக்கு வயது 24. அதற்குப் புளூட்டோ என்ற பெயரை முதலில் சொன்னவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த வெனிசியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி. அவர் தாத்தா வழியாக அந்தப் பெயர் வானியலாளர்களைச் சென்றடைந்தது. தம் வயதை ஒத்த ஒருத்தி ஓர் உலகுக்கே பெயர் வைத்தாள் என்பதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

ஆனால் புளூட்டோவோடு கதையைத் தொடங்கினால் பாதிக் கதையே கிடைக்கும். அதற்கு 129 ஆண்டு முன்னதாக, 1801 சனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாசி இதேபோல் நகரும் ஒரு புள்ளியைக் கண்டார். அதுவே சீரீஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பெரும் வெளியில் ஒரு கோள் கிடைத்துவிட்டது என்று ஐரோப்பா மகிழ்ந்தது. மறு ஆண்டே பல்லஸ், 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா என்று அதே பகுதியில் மேலும் மூன்று அகப்பட, அக்காலப் பாடநூல்கள் கோள்கள் பதினொன்று என்று எழுதின. 1845 முதல் அங்கே புதியவை தொடர்ந்து கிடைக்கத் தொடங்கியதும், இவற்றையெல்லாம் கோள் என்று எண்ணிக்கொண்டே போவதில் பொருளில்லை என்று கண்ட வானியலாளர்கள் அவற்றைச் சிறுகோள்கள் என்று தனியே பிரித்தார்கள். சீரீஸ் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டது. அதற்காக இன்று எந்தப் பிள்ளையும் வருந்துவதில்லை.

இந்தத் தேடலில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்லுங்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராசு வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இப்போதைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1988-இல் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டறியப்பட்ட இன்னொரு சிறுகோள், கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வளவும் சொன்னபின், 1930-க்குப் பிறகு நடந்தது பிள்ளைகளுக்கு முன்பே கேட்ட கதைபோலத் தோன்றும். 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால், கைப்பர் பட்டை என்று இன்று நாம் அழைக்கும் பகுதியில், புளூட்டோவின் அண்டை வீட்டார் ஒவ்வொருவராகத் தென்படலாயினர். 2005-இல் மைக் பிரவுன் தலைமையிலான குழு அறிவித்த ஒன்று புளூட்டோவுக்கு நிகரான பருமனும் அதைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலான நிறையும் உடையது. நாளிதழ்கள் அதைப் பத்தாவது கோள் என்றே எழுதின. பின்னர் அதற்குக் கிரேக்கத் தொன்மத்தில் பூசலின் தெய்வமான ஏரிசின் பெயர் சூட்டப்பட்டது. இதையும் கோளாக ஏற்பதா, இரண்டையும் தனியே பிரிப்பதா என்று இரண்டு வழிகளைப் பிள்ளைகளிடம் வைத்து, அடுத்த பகுதிக்குப் போகும் முன் வாக்கெடுப்பு நடத்துங்கள். அவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் காரணம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி.

மூன்று நிபந்தனைகள்

பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் கூடி எடுத்த முடிவின்படி, நம் சூரியக் குடும்பத்தில் கோள் எனப்படுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அது சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பினாலேயே ஏறத்தாழ உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை கொண்டிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையின் சுற்றுப்புறத்தைப் பெரும்பாலும் துப்புரவாக்கியிருக்க வேண்டும். முதல் இரண்டும் நிறைவேறி மூன்றாவது நிறைவேறாமல், நிலாவாகவும் இல்லாத ஒன்று குறுங்கோள். சில நூல்கள் இதனைக் குள்ளக்கோள் என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுங்கள். சிறுகோள் வேறு என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் குறு, சிறு என்ற இரண்டும் பிள்ளைகளின் காதில் ஒன்றாகவே விழுகின்றன.

முதல் நிபந்தனைக்கு விளக்கம் தேவைப்படாது. இரண்டாவதற்கு ஒரு தாம்பாளமும் மணலும் வேண்டும். மணலைக் கோபுரமாகக் குவித்துத் தட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் முகடு சரிந்து பரவும். பெரிய உலகங்களில் இதுவே எல்லாத் திசையிலிருந்தும் நடக்கிறது. ஒவ்வொரு பகுதியும் மையத்தை நோக்கி இழுக்கப்படுவதால் துருத்திக்கொண்டிருப்பவை காலப்போக்கில் அமிழ்ந்து உருண்டையாகின்றன. சிறிய பாறையின் ஈர்ப்புக்கு அந்தப் பாறையின் உறுதியை வெல்லும் வலு இல்லை. செவ்வாயின் நிலாவான போபோசின் படத்தைக் காட்டுங்கள். சராசரியாக 22 கி.மீ. குறுக்களவுள்ள அது உருளைக்கிழங்குபோல இருக்கும். 940 கி.மீ. குறுக்களவுள்ள சீரீஸ் அழகிய உருண்டை. ஹவுமியா என்ற குறுங்கோள் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றிக்கொள்வதால் முட்டைபோல நீண்டிருக்கிறது. வேகமாகச் சுழன்றால் இப்படியும் ஆகும் என்பதைக் கூர்மையான பிள்ளை கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். 'துப்புரவாக்குதல்' என்றதும் பாதை வெறுமையாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உடனே ஒருவர், வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் இருக்கின்றனவே என்று கேட்பார். நல்ல கேள்வி. அந்தச் சிறுகோள்கள் வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டே அங்கே இருக்கின்றன. அந்தப் பாதையில் ஆட்சி செய்வது யார் என்பதே இந்த நிபந்தனையின் உட்பொருள். எண்ணால் சொன்னால் இன்னும் தெளிவாகும்: ஒரு கணக்கின்படி, பூமியின் நிறை அதன் பாதைப் பகுதியில் உள்ள மற்றவை அனைத்தின் மொத்த நிறையைப்போல் ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு. புளூட்டோவின் நிறையோ, அதன் பகுதியைப் பகிர்ந்துகொள்பவற்றின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஆகவே புளூட்டோ சிறியது என்பதால் விலக்கப்பட்டது என்று சொல்லாதீர்கள். பல பாடக்குறிப்புகளில் காணப்படும் இந்த வாக்கியம் பிள்ளையைத் தவறான வழியில் செலுத்துகிறது. பருமன்தான் அளவுகோல் என்றால், 5,268 கி.மீ. குறுக்களவுள்ள கானிமீட் 4,879 கி.மீ. மட்டுமே உள்ள புதனைவிடப் பெரியது. ஆனாலும் அது வியாழனைச் சுற்றுவதால் நிலாதான். 3,474 கி.மீ. உள்ள நம் நிலாவும் 2,377 கி.மீ. உள்ள புளூட்டோவைவிடப் பெரியதே.

இதை உறுதிப்படுத்த ஒரு சீட்டு விளையாட்டு போதும். பூமி, நிலா, புதன், கானிமீட், சீரீஸ், வெஸ்டா, போபோஸ், ஏரிஸ், ஹாலி வால்மீன், சூரியன் என்று பத்துச் சீட்டுகளில் ஒவ்வொன்றிலும் எதைச் சுற்றுகிறது, என்ன வடிவம், பாதையில் யார் யார் உடன் இருக்கிறார்கள் என்ற மூன்று குறிப்புகளை எழுதுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து, பிள்ளைகள் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சீட்டை உரிய கட்டத்தில் வைக்க வேண்டும். வெஸ்டாவில் எப்போதும் வாக்குவாதம் எழும், அது முழு உருண்டையும் இல்லாமல் கரடுமுரடான பாறையும் இல்லாமல் இடையில் நிற்பதால். அந்த வாக்குவாதத்தை அடக்காதீர்கள்; வானியலாளர்களும் அதே இடத்தில்தான் வாதிடுகிறார்கள்.

ஒன்றியம் இதுவரை முறையாக ஏற்றுள்ள குறுங்கோள்கள் சீரீஸ், புளூட்டோ, ஏரிஸ், ஹவுமியா, மாகேமாகே என்ற ஐந்து. சீரீஸ் தவிர மற்ற நான்கும் நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவை. குவாவர், செட்னா, கொங்கொங், ஓர்க்கஸ் போன்றவற்றையும் குறுங்கோள்கள் என்றே பல வானியலாளர்கள் கருதுகிறார்கள். ஐந்து என்ற எண்ணைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யச் சொல்லும்போது, அது வளரக்கூடிய எண் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 2006 முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புளூட்டோவுக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தை அனுப்பிய குழுவின் தலைவர் ஆலன் ஸ்டெர்னே அதை இன்றும் கோள் என்றுதான் சொல்கிறார்.

பிள்ளைகள் கேட்பவை

புளூட்டோ நெப்டியூனின் பாதையைக் கடக்கிறதே, இரண்டும் மோதிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது உண்மை. ஆனால் நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. அதனால் பாதைகள் நெருங்கும் இடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதே இல்லை. புளூட்டோவின் பாதை சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்.

'பாவம் புளூட்டோ' என்று வருந்தும் பிள்ளைக்கு, 2015 சூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் அருகில் சென்று எடுத்த படத்தைக் காட்டுவதைவிட நல்ல ஆறுதல் இல்லை. விண்கலம் 2006 சனவரியில் புறப்பட்டபோது புளூட்டோ ஒரு கோள். ஒன்பதரை ஆண்டு பயணம் செய்து அது போய்ச் சேர்ந்தபோது புளூட்டோ ஒரு குறுங்கோள். அங்கே அது கண்டவை இதய வடிவில் பரந்த நைட்ரசன் பனிவெளி, நீர்ப்பனியாலான மலைகள், மெல்லிய நீலப் புகைமூட்டம், புளூட்டோவின் பாதிப் பருமனுள்ள சாரன் என்ற நிலா. கண்டுபிடித்த டோம்போவின் சாம்பலில் ஒரு சிட்டிகை அந்த விண்கலத்திலேயே பயணம் செய்தது என்பதையும் சொல்லுங்கள்.

நூலகத்தில் செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். வானியல் குறித்த சிறுவர் நூல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அச்சிட்ட ஆண்டையும், கோள்களின் எண்ணிக்கையையும், சனிக்கு எத்தனை நிலா என்பதையும் ஒரு பட்டியலாக எழுதிவரட்டும். 2006-க்கு முந்தையவற்றில் ஒன்பது கோள்கள் இருக்கும். சனியின் நிலாக்கள் நூலுக்கு நூல் மாறும். 2025-இல் ஒரே அறிவிப்பில் 128 நிலாக்கள் சேர்ந்து அந்த எண் 274 ஆனது. எந்த நூலைத் திறந்தாலும் முதலில் ஆண்டைப் பார்க்கும் பழக்கம் இதனால் ஏற்படுகிறது. பழைய நூல்களைக் கழித்துவிடாதீர்கள். ஒப்பிடுவதற்கு அவை வேண்டும்.

கடைசி அமர்வில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று அப்பாவிடமும் பாட்டியிடமும் கோள்கள் எத்தனை என்று கேட்டு, அவர்கள் எண்ணும் ஒவ்வொரு பெயரையும் எழுதி, அந்த எண்ணிக்கை எந்த விதியின்படி சரி என்பதை அருகில் குறித்து வரட்டும். எங்கள் வட்டத்தில் அதே சிறுமி, பாட்டியின் ஒன்பதுக்கு எதிரே 'கண்ணால் பார்த்து எண்ணியது, இராகு கேது தவிர' என்றும், அப்பாவின் ஒன்பதுக்கு எதிரே 'ஏரிஸ் கிடைப்பதற்கு முன் எண்ணியது' என்றும் எழுதிக் கொண்டுவந்தாள்.